வாயசைக்க மாட்டோம்

நான் சம்பளம் வாங்குவது டிவி பார்ப்பதற்கு. ஊரில் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. "குந்திக்கினு டிவி பாக்கறதுக்கு காசு குடுக்கறாங்களா? எனக்கும் ஒரு வேலை சொல்லுடி செல்வி, உப்பளத்த உட்டுட்டு வந்துடறேன்" என்று சின்னப்பாப்பா அக்கா பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். என் அம்மாவோடு உப்பளத்தில் வேலை செய்கிறவள். அவள் வாய்க்குப் பயந்து மேஸ்திரியே இரண்டு வரப்பு தள்ளித்தான் நடப்பார்.

ஆரோவில்லில் பழைய வீடியோ கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாதுகாக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கேதான் வேலை. மரக்காணத்தில் பஸ் ஏறி, பொம்மையார்பாளையத்தில் இறங்கி, மேடேறிப் போக வேண்டும். கேசட்டில் படிந்த பூஞ்சையைத் துடைத்து, பிளேயரில் போட்டு ஓட விட வேண்டும். வேகமாக ஓட்டி ஏற்ற முடியாது. எவ்வளவு நேரப் படமோ அவ்வளவு நேரமும் எதிரில் உட்கார்ந்து, கோடு விழுகிறதா, சத்தம் போகிறதா என்று பார்த்தாக வேண்டும். பெரும்பாலும் யோகா வகுப்பு, மரம் நடுகிற விழா, குழந்தைகள் நாடகம். கொட்டாவி விட்டே தாடை வலிக்கும்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. இங்கே பல வருடம் இருந்துவிட்டுச் சொந்த நாட்டுக்கே திரும்பிப்போன ஒரு இங்கிலாந்துக்காரர் விட்டுப்போனது. மேலே பேனாவால் 'டிவி' என்று மட்டும் எழுதியிருந்தது. அவர் இளவட்டமாக இருந்த காலத்தில் வீட்டு டிவியில் வந்த பாட்டு நிகழ்ச்சிகளையெல்லாம் பதிவு செய்து வைத்திருக்கிறார். முதல் கேசட்டைப் போட்டேன். கொட்டாவி நின்றது.

அந்தப் பாட்டுக்கு பங்க் என்று பெயர். வேலைவெட்டி கிடைக்காத பையன்களும் பெண்களும் கிட்டாரில் மூன்று பிடி கற்றுக்கொண்டு, நாலாவதைக் கற்கப் பொறுமையில்லாமல் மேடையேறிக் கத்திய பாட்டு. அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் கொஞ்சம் யோசித்துக் கத்தினார்கள். இரண்டு வகையும் அந்தப் பெட்டியில் இருந்தது.

என்னைப் பிடித்துக்கொண்டது பாட்டு அல்ல, அவர்கள் டிவியில் நின்ற விதம். அந்தக் காலத்து டிவி நிகழ்ச்சிகள் பலவற்றில் பாண்டு நேரில் வந்து நிற்கும், ஆனால் பாடாது. முன்பே பதிவு செய்த பாட்டை ஓட்டுவார்கள். இவர்கள் பாடுகிற மாதிரி வாயசைத்து, வாசிக்கிற மாதிரி கையசைத்துவிட்டுப் போக வேண்டும். நல்ல பிள்ளைகள் செய்துவிட்டுப் போனார்கள். இந்தப் பிள்ளைகள் செய்யவில்லை. ஒருத்தன் கிட்டார் ஒயரைத் தன் சட்டைப்பைக்குள் சொருகிக்கொண்டு நின்றான். ஒரு டிரம்மர் கைகட்டி உட்கார்ந்திருந்தான், டிரம் சத்தம் அது பாட்டுக்கு இடித்துக்கொண்டிருந்தது. மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் பபிள்கம் மென்றுகொண்டு கேமராவையே முறைத்தாள். அவள் குரல் பின்னால் தொண்டை கிழியக் கத்துகிறது, அவள் உதடு அசையவில்லை. ஏமாற்றுகிறவன் நீ, நான் ஏன் உடந்தையாக இருக்க வேண்டும் என்று கேட்கிற மாதிரி இருந்தது அந்த முறைப்பு. எங்கள் ஊரில் ஒரு பெண் அப்படி முறைத்தால் "என்னாடி மொறப்பு?" என்று கேட்டு உட்கார வைத்துவிடுவார்கள். அங்கே அதைப் படம்பிடித்து நாடு முழுக்கக் காட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு துண்டை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

சிலம்பரசனையும் சரண்யாவையும் கூட்டிவந்து காட்டினேன். சிலம்பு என் வகுப்புத் தோழன், சாவுக்கும் தேர்த் திருவிழாவுக்கும் டிரம் அடிக்கிறவன். சரண்யா மொபைல் கடையில் வேலை செய்கிறாள், ஊரைக் காலி செய்துபோன ஒரு வெள்ளைக்காரியிடம் பழைய கிட்டார் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். வாசிக்கத் தெரியாது. "தெரியாதவங்கதான் இவங்களும்" என்று திரையைக் காட்டினேன். மூன்று பேரும் சேர்ந்து ஒரு பாண்டு ஆரம்பித்தோம். கல்லுப்பு என்று பெயர் வைத்தோம்.

பாட்டுக்கு விஷயம் தேடி அலையவில்லை. அதற்கு முந்தின கோடையில் அம்மாவுக்குக் குளிர் காய்ச்சலும் இடுப்பு வலியுமாகப் பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். சிறுநீரகத்தில் கிருமி. டாக்டரம்மா, "ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்பீங்க?" என்று கேட்டாள்.

"வேலைக்குப் போற நாள்ல குடிக்க மாட்டேங்க" என்றாள் அம்மா, ஏதோ விரதம் சொல்கிற மாதிரி.

"உப்பளத்துல, இந்த வெயில்ல, தண்ணியே குடிக்க மாட்டீங்களா?"

"குடிச்சா போவணும். எங்க போறது?"

எங்கள் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணுக்கு எட்டின தூரம் பாத்திதான். மரமில்லை, புதரில்லை, ஒரு ஆள் உயரத்துக்கு எதுவும் இல்லை. ஆண்கள் வரப்போரம் திரும்பி நின்றுகொள்வார்கள். பெண்கள் விடிவதற்கு முன் இருட்டில் போனால் உண்டு, இல்லையென்றால் வீடு திரும்புகிறவரை அடக்கிக்கொள்ள வேண்டும். முதலாளி ஆதிமூலத்துக்கு உப்பளத்தின் ஓரத்திலேயே ஆபீஸ் ரூம் இருக்கிறது, அதை ஒட்டி டைல்ஸ் போட்ட கக்கூஸ் இருக்கிறது, அதற்குப் பூட்டு இருக்கிறது. ஆதிமூலம் கெட்டவர் இல்லை. பொங்கலுக்குச் சேலை கொடுப்பார். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் வண்டி அனுப்புவார். கக்கூஸ் என்று ஆரம்பித்தால் மட்டும் போன் வந்துவிடும், காதில் வைத்துக்கொண்டு போய்விடுவார்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததாலேயே யாரும் பேசுவதில்லை. டாக்டரம்மா வாய்பிளந்து நின்றபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் எழுதிய பாட்டு 'எங்க போறது'. சிலம்பு அதற்கு அடிக்கிற அடி உப்பளத்திலிருந்தே வந்தது. மார்கழி, தையில், உப்பு விளைய விடுவதற்கு முன்னால் பாத்தியின் களிமண்ணை மிதித்து இறுக்குவார்கள். பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து ஒரே வரிசையாக, வலது காலில் இரண்டு மிதி, இடது காலில் ஒரு மிதி என்று இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போவார்கள். அதைத்தான் டிரம்மில் அடித்தான். அதன்மேல் சரண்யா கிட்டாரை ரம்பம் மாதிரி இழுத்தாள்.

வீட்டில் பாடிக் காட்டியபோது அம்மா முழுசாகக் கேட்டாள். "நல்லாதான் கத்தற. ஆனா யாருக்கு எங்க போறதுன்னு கேக்கற? பேரு இல்லயே. பேரு சொல்லாம கேட்டா, எவளோ கேக்கறான்னு உட்டுடுவாங்க" என்றாள். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு, மிதிக்கிற தாளத்தில் அவளே சொன்னாள்.

*ஆம்பளைக்கு வரப்போரம்*
*மொதலாளிக்கு பூட்டுன ரூமு*
*சாலம்மாளுக்கு எங்க?*
*சின்னப்பாப்பாவுக்கு எங்க?*
*சொல்லு, எங்க போறது?*

சாலம்மாள் என்பது அவள் பெயர். அதைத்தான் கடைசி அடியாக வைத்தோம். உப்புக் குவியல் மேல் நின்று பாடி, சரண்யாவின் போனில் எடுத்து இன்டர்நெட்டில் போட்டோம். கொஞ்சம் ஓடியது. அதைப் பார்த்துவிட்டு ஒரு லோக்கல் சேனலிலிருந்து ராஜ்கமல் என்கிற புரோகிராம் டைரக்டர் கூப்பிட்டார். போகி அன்றைக்கு உப்பளத்திலிருந்தே நேரலை, 'உப்பு மண்ணில் பொங்கல்' என்று தலைப்பு, எங்கள் பாட்டுதான் முக்கிய அயிட்டம் என்றார். பாண்டியில் ஒரு ஸ்டுடியோவில் பாட்டை முழுசாகப் பதிவு செய்துகொண்டார்கள்.

அம்மா அன்றிலிருந்து வேறு ஆளாகிவிட்டாள். டிவி என்பதற்காக இல்லை. "மொதலாளி வூட்லயும் அந்த சேனல்தான் ஓடும். சாப்ட்டுகினே பாப்பாரு. அவரு வூட்டு டிவியில எம்பேரு கேக்கணும்டி" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. என்னைப் பெற்று வளர்த்ததற்கு அவள் என்னிடம் கேட்ட ஒரே சாமான் அது.

போகி அன்று காலையில் போனபோது உப்பளம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. பந்தல், பேனர், கரும்பு. பேனரில் ஆதிமூலம் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நிகழ்ச்சிக்கு விளம்பரம் கொடுத்தவர் அவர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆபீஸ் ரூம் கக்கூஸ் திறந்திருந்தது. சென்னையிலிருந்து வந்த தொகுப்பாளினிக்காகத் திறந்திருக்கிறார்கள். உப்பளத்துப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே கலரில் சேலை கொடுத்து வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். சின்னப்பாப்பா அக்கா என்னிடம் வந்து, "உள்ள கண்ணாடிலாம் கீதுடி. எட்டிப் பாத்தேன்" என்று காதைக் கடித்தாள்.

சவுண்டு சரிபார்க்கப் பாட்டை ஓட்டினார்கள். முதல் அடி வந்தது, இரண்டாவது வந்தது. கடைசி அடி வர வேண்டிய இடத்தில் புல்லாங்குழல் வந்தது. அதற்கப்புறம் யாரோ சேர்ந்து "பொங்கலோ பொங்கல்" என்றார்கள். பாட்டு முடிந்துவிட்டது.

"சார், கடைசி அடி எங்க?" என்றேன் ராஜ்கமலிடம்.

"அது வேணாம்மா. ஃபேமிலி ஆடியன்ஸ். நல்ல நாளும் அதுவுமா, இலை போட்டு உக்காந்திருப்பாங்க. அப்ப போயி கக்கூஸு, பூட்டுன ரூமுன்னு... நீயே சொல்லு."

"இலை முன்னாடி உக்காந்திருக்கறவங்க உப்பு போட்டுக்க மாட்டாங்களா சார்?"

அவர் சிரித்தார். "நல்லா பேசற. டென்ஷன் ஆவாத. நீ பாடவே வேணாம், மைக்கு சும்மா டம்மி. டிராக் ஓடும், லிப் கொடுத்தா போதும்."

பின்னால் நின்ற ஆதிமூலம் என் தோளைத் தட்டினார். "உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கணும்மா. உங்கம்மா எத்தினி வருசமா நம்ம கிட்ட வேலை செய்யறா, கேட்டுப் பாரு" என்றார்.

உப்பு வாரினது யார் என்று கேட்க வாய் வந்தது. அம்மா அந்த வரிசையில் நிற்கிறாள் என்பதால் அடக்கிக்கொண்டேன். நாளைக்கு மேஸ்திரி வந்து "சாலம்மா, நீ வர வேணாம்" என்றால் முடிந்தது. அது ஒன்றுதான் பயம், மறைப்பானேன்.

அப்போது எனக்கு மஞ்சள் மழைக்கோட்டுக்காரி ஞாபகம் வந்தாள். சிலம்புவையும் சரண்யாவையும் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னேன். டிராக் ஓடட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன். சிலம்பு குச்சியைப் பின்பாக்கெட்டில் சொருகிக்கொள்வான். சரண்யா கிட்டாரைத் திருப்பிப் பிடித்துக்கொள்வாள். நேரலை, வெட்ட முடியாது. இது பொய் என்று ஊருக்கே தெரியட்டும். ஒரு வார்த்தை பேசாததால் அம்மாவையும் யாரும் குற்றம் சொல்ல முடியாது. எனக்கு என் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் முகம் சுண்டிவிட்டது. "அந்த அடி வராதா?"

"வராதும்மா. அதான் நான் வாயத் தொறக்காம நிக்கப் போறேன்."

"வாய மூடிக்கினு நின்னா யாருக்குடி தெரியும்? அதத்தான நாங்க இத்தினி நாளும் செஞ்சிகினு கீறோம்?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதற்குள் ராஜ்கமல் கைதட்டிக் கூப்பிட்டுவிட்டார். பெண்கள் நாங்கள் பாடும்போது பின்னால் பாத்தி மிதிக்க வேண்டும், அதுதான் காட்சி. அதற்கென்று அவர் தேர்ந்தெடுத்தது பாதி தயாராகி நின்ற பெரிய பாத்தி. மேலே மெல்லிசாகத் தண்ணீர் நின்றதால் வானம் அழகாகத் தெரிகிறதாம். மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை. அம்மா வெளிப்படையாகவே சொன்னாள்: "சார், இதுல கால வெச்சா எதிர்க்கரை போற வரைக்கும் நிக்கக் கூடாது. நடுவுல நின்னா நின்ன எடத்துல குழி உழும். தண்ணி கீழ எறங்கிடும். மொத்த பாத்தியும் போச்சு."

"நிக்காதீங்கம்மா, யாரு நிக்கச் சொன்னா? சூப்பரா இருக்கும்" என்றார் ராஜ்கமல். அவர் காதில் ஹெட்செட், கண் கேமராவில். பாட்டு எவ்வளவு நேரம், பாத்தி எவ்வளவு நீளம் என்று அவர் கணக்குப் போட்டுப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

நேரலை தொடங்கியது. தொகுப்பாளினி உப்பின் பெருமையைச் சொன்னாள். ஆதிமூலம் தன் கையில் கொடுத்த மைக்கில் தொழிலாளர்கள் தன் குடும்பம் என்றார். டிராக் ஓடியது. பெண்கள் பாத்தியில் இறங்கினார்கள். நான் வரப்பில் டம்மி மைக்குக்கு முன்னால் கைகட்டி நின்று கேமராவை முறைத்தேன். என் குரல் ஸ்பீக்கரிலிருந்து பாடியது, என் உதடு அசையவில்லை. சிலம்பு குச்சியைப் பாக்கெட்டில் சொருகினான். சரண்யா கிட்டாரின் முதுகைக் காட்டினாள். நாட்டையே உலுக்கப் போகிறோம் என்று நினைத்தேன்.

"அச்சச்சோ! தங்கச்சிக்குக் கேமராவப் பாத்து வெட்கம் வந்துடுச்சு!" என்றாள் தொகுப்பாளினி. பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். "கிராமத்துப் பொண்ணு இல்லையா, கூச்சம் இருக்கத்தான் செய்யும். ஒரு கைத்தட்டல் குடுங்க!" கைதட்டினார்கள். கேமரா என்னை விட்டு நகர்ந்து பெண்களின் காலுக்குப் போய்விட்டது. அவ்வளவுதான் என் புரட்சி. மழைக்கோட்டுக்காரியின் ஊரில், அந்தக் காலத்தில், பாட வேண்டியவள் வாயை மூடினால் அது திமிர். இங்கே ஒரு பெண் வாயை மூடினால் அடக்கமான பெண் என்று கைதட்டுகிறார்கள். அம்மா சொன்னது சரி. அழுகை வந்தது, அழுகையைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

புல்லாங்குழல் வந்தது, "பொங்கலோ பொங்கல்" வந்தது, டிராக் முடிந்தது. அடுத்து கோலப்போட்டி. ராஜ்கமல் வெட்டுகிற மாதிரி கையால் சைகை காட்டினார். பெண்கள் நிற்கவில்லை. அவர்கள் பாத்தியில் பாதிகூடத் தாண்டவில்லை. வலது இரண்டு, இடது ஒன்று. தண்ணீரில் சத்தம் மட்டும் கேட்டது.

"போதும்மா! நில்லுங்க! கட்!" என்று கத்தினார் ராஜ்கமல்.

"அக்கர போவாம நிக்க முடியாது சார்" என்றாள் சின்னப்பாப்பா அக்கா, திரும்பியே பார்க்காமல்.

"ஏம்மா, லைவ் போயினு இருக்கு!" என்று சொல்லிக்கொண்டே அவர் ஷூ காலோடு பாத்தியில் இறங்கினார். இரண்டாவது அடியில் கத்துவதற்காக நின்றார், முழங்கால் வரை போய்விட்டார். மண்டியிட்டதில் ஹெட்செட் உப்புத் தண்ணீரில் விழுந்தது. ஒளிபரப்பு வேனுக்குள் இருந்தவர்களுக்கு இனி அவர் குரல் போகாது.

அதைப் பார்த்து ஆதிமூலத்துக்கு உயிரே போய்விட்டது. விளம்பரம் மறந்தது, மைக் கையில் இருப்பது மறந்தது. "யோவ்! பாத்தியில கால வெக்காதய்யா! வெளிய வா! ஏய் பொம்பளைங்களா, நிக்காதீங்க! மிதிங்க! மிதிச்சிகினே போங்க!" என்று அலறினார். பந்தலில் இருந்த எல்லா ஸ்பீக்கரிலும் அது கேட்டது.

முதலாளியே சொன்னபிறகு என்ன. அவர்கள் பலமாகவே மிதித்தார்கள். சிலம்பு எப்போது குச்சியை எடுத்தான் என்று நான் பார்க்கவில்லை. அந்த மிதிக்கு மேல் அவன் அடி விழுந்தது. சரண்யா கிட்டாரைத் திருப்பினாள். நான் தொகுப்பாளினியிடம் போனேன். அவள் மைக் டம்மி இல்லை. "அக்கா, குடுங்க" என்றேன். அவள் கொடுக்கவில்லை. பிடுங்கிக்கொண்டேன்.

*ஆம்பளைக்கு வரப்போரம்!*
*மொதலாளிக்கு பூட்டுன ரூமு!*

எனக்கு நன்றாகப் பாட வராது. அன்றைக்கு அதைவிட மோசமாகப் பாடினேன். தொண்டை கிழிந்தது. அடுத்த வரிக்கு வாயைத் திறக்கும்முன் பாத்தியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது, மைக்கே இல்லாமல்.

*சாலம்மாளுக்கு எங்க?*

காற்று அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் அடித்தது. நான் வரப்போரமாக ஓடி மைக்கை அவர்கள் பக்கம் நீட்டினேன். *சின்னப்பாப்பாவுக்கு எங்க?* என்றாள் சின்னப்பாப்பா அக்கா. அதற்கு மேல் பாட்டில் பெயர் கிடையாது. எங்களுக்குத் தெரிந்த பாட்டு அங்கே முடிகிறது. ஆனால் பாத்தி முடியவில்லை. *ராசம்மாளுக்கு எங்க?* என்று ஒரு குரல் வந்தது. வரிசையில் இருந்த ஒவ்வொருத்தியும் அவளவள் பெயரைச் சொல்லிக் கேட்டாள். சிலர் மாமியார் பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள். ஒருத்தி, போன வருடம் உடம்பு முடியாமல் வேலையை விட்டு நின்றுவிட்டவளின் பெயரைச் சொன்னாள். ஆதிமூலம் வரப்பில் நின்று கையைப் பிசைந்தார். நிறுத்தச் சொன்னால் பாத்தி போகும், சொல்லாவிட்டால் மானம் போகும். மைக்கை மட்டும் மெல்லக் கீழே வைத்தார்.

கேமராக்காரருக்கு வெட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்க்கரை ஏறிய பிறகுதான் கால்கள் நின்றன. பாத்தி கண்ணாடி மாதிரி இறுகிப்போயிருந்தது, ராஜ்கமல் விழுந்த இடத்தைத் தவிர. பெண்கள் வரப்பைச் சுற்றிக்கொண்டு பந்தலுக்கு வந்தார்கள். இனிமேல்தான் திட்டு விழப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். நான் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் அவள் வேலை போகிறது என்று நினைத்தேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. நேராக விருந்தினர் மேஜைக்குப் போனாள். அங்கே வரிசையாக வைத்திருந்த தண்ணீர் பாட்டில்களில் பெரியதாக ஒன்றை எடுத்து மூடியைத் திருகினாள். அண்ணாந்து குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. பாதியில் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி குடித்தாள். கழுத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. வேலைக்கு வந்த இடத்தில் அவள் தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை. அவளோடு வேலை செய்தவர்களும் பார்த்ததில்லை. சின்னப்பாப்பா அக்கா ஒரு பாட்டிலை எடுத்தாள். பிறகு ராசம்மாள். மேஜை காலியாகிவிட்டது.

காலி பாட்டிலை வைத்துவிட்டு அம்மா ஆபீஸ் ரூம் பக்கம் நடந்தாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள். கேமராவும் போனது. ஆதிமூலம் குறுக்குவழியில் ஓடி, கக்கூஸ் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"சாலம்மா, இது டிவிகாரங்களுக்குத் தொறந்து வெச்சிருக்கு."

"நாங்களும் டிவிலதான கீறோம், மொதலாளி" என்றாள் அம்மா.

அவர் அப்போதுதான் கேமராவைப் பார்த்தார். பேனரில் இருந்த அதே சிரிப்பு முகத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. சிரித்துக்கொண்டே நகர்ந்து வழிவிட்டார். அம்மா படியேறும்போது, உதடு அசையாமல் அடிக்குரலில் சொன்னார்: "இன்னிக்கு ஒரு நாள்தான், சொல்லிட்டேன்."

"நாளைக்கும் தண்ணி குடிப்பேங்க" என்றாள் அம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி. உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள்.